உழைப்பு வேறு, உடல் வலு வேறு

பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரத்தில் பொழுது விடியும்போது வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஓசூர் சிப்காட்டுக்கும் எல்லை தாண்டி மாலூர் பக்கத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். ரோஜாப் பசுமைக்குடில்களுக்கும் தக்காளி, முட்டைகோஸ், கொத்தமல்லித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் மறுபக்கம். வீட்டில் பேசுவது தமிழோ தெலுங்கோ கன்னடமோ, நாற்பது வயதைத் தாண்டியதும் எழுகிற முறையீடு ஒன்றுதான்: இடுப்பு பிடித்துக்கொண்டது, முழங்காலை மடக்க முடியவில்லை. அதற்குக் கிடைக்கிற விளக்கமும் ஒன்றுதான்: தேய்மானம். ஜவ்வு தேய்ந்துவிட்டது, டிஸ்க் நழுவிவிட்டது, நரம்பு இழுக்கிறது. வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு ஊசி, பத்து நாள் மாத்திரை, இடுப்புக்கு பெல்ட், முடிந்தால் ஒரு வாரம் ‘கரன்ட் வைத்துக்கொள்வது’, கூடவே ‘கனமாக எதையும் தூக்காதே’ என்ற எச்சரிக்கை. எலும்பு, ஜவ்வு, நரம்பு மூன்றையும் பேசுகிற இந்த வைத்தியத்தில் தசையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இந்த நான்கில் எந்த வயதிலும் நம் கையால் மீட்டெடுக்கக்கூடியது தசைதான். நாள் முழுக்க உழைக்கிறவருக்குத் தசை வலுவாகத்தானே இருக்கும் என்ற நினைப்புதான் அதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

தேய்மானக் கதை இங்கே எளிதாக ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் எந்திரத்தோடு வாழ்ந்து பழகிய ஊர். பேரிங் இத்தனை மணி நேரம் ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உடம்பையும் அதே கண்ணால் பார்க்கிறோம். ஆனால், எந்த பேரிங்கும் சுமை ஏற ஏறத் தன்னைத் தடிமனாக்கிக்கொள்வதில்லை. தசையும் எலும்பும் ஆக்கிக்கொள்கின்றன. மூட்டின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. அதன்மேல் எடை அழுந்தி விலகும்போது மூட்டு நீர் உள்ளே போய் வெளியே வருகிறது, அதுதான் அதற்கு ஊட்டம். சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது. அந்த விசையை முதலில் வாங்கி மெல்ல இறக்கிவைப்பது முன்தொடைத் தசை. அது தளர்ந்தால் அடி நேராக மூட்டுக்குப் போகும். அமெரிக்காவின் இந்தியானாவில் 65 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்த ஸ்லெமெண்டா குழு 1997இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாத பெண்களுக்கும் முன்தொடைத் தசை பலவீனமாகவே இருந்தது. வலியால் நடையைக் குறைத்ததால் தசை மெலிந்தது என்ற வழக்கமான விளக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பீடும், முன்தொடை பலவீனமானவர்களுக்குப் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்றே சொன்னது.

வலி வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். முழங்காலில் வீக்கமோ வலியோ இருந்தால், அந்த மூட்டைச் சுற்றியிருக்கும் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடுகிறது. ஆள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. இறுகாத தசை மெலிகிறது, மெலிந்த தசை மூட்டைக் காக்கத் தவறுகிறது, வலி கூடுகிறது. முதுகிலும் இதே கதைதான். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் ஓடும் மல்டிஃபிடஸ் என்ற சிறு தசையை ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1990களில் அளந்து பார்த்தார்கள். முதல்முறையாக இடுப்பு பிடித்தவர்களுக்கு வலி சில வாரங்களில் போய்விட்டது. மெலிந்த தசை தானாகத் தேறவில்லை. அந்தத் தசைக்கென்று பயிற்சி செய்தவர்களில் ஓராண்டுக்குள் வலி மறுபடி வந்தது 30 சதவீதத்தினருக்கு. செய்யாதவர்களில் 84 சதவீதத்தினருக்கு. நாற்பது பேர்கூட இல்லாத சிறு ஆய்வு அது, எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும், ‘வலி போய்விட்டது, சரியாகிவிட்டது’ என்று மறுநாளே மூட்டை தூக்கப் போகிறவருக்கு வருஷா வருஷம் ஏன் இடுப்பு பிடிக்கிறது என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

‘ஸ்கேனிலேயே டிஸ்க் பிதுங்கியது தெரிகிறதே, பிறகென்ன தசை?’ என்று கேட்பார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களை 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015இல் பிரின்ஜிக்ஜி குழு பார்த்தது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கு. தலை நரைப்பதைப் போல டிஸ்க்கும் வயதாகிறது. அதில் பெரும்பகுதி வலிப்பதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கும் சேலத்துக்கும் அலைகிறவர்களில் பலருக்கு அந்தப் படம் தருவது நோயின் காரணத்தை அல்ல, பயத்தை. பயந்தவர் குனிவதை நிறுத்துகிறார், தூக்குவதை நிறுத்துகிறார், தசை இன்னும் சுருங்குகிறது. படுத்தே கிடந்தால் சரியாகும் என்ற நம்பிக்கையையும் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 1995லேயே உடைத்துவிட்டது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, தாங்க முடிந்த அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

இந்த வட்டாரத்தில் இதற்கெல்லாம் வரும் முதல் பதில் எனக்குத் தெரியும்: ‘நாங்கள் காலையிலிருந்து இரவு வரை உழைக்கிறோம். எக்சர்சைஸ் எல்லாம் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு.’ நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க முடியாது. களை எடுக்கிற பெண்ணைக் கவனியுங்கள். குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கையால் களைக்கொத்தைப் போட்டு, மறுகையால் வேரை உதறி, எழாமலே அரையடி நகர்கிறார். முழங்கால் முழு மடிப்பில், முதுகு வளைவில், மணிக்கணக்கில். இதில் தொடைத் தசை முழு பலத்தோடு சுருங்கி விரிவது, வரப்பில் எழுந்து நிற்கும் அந்தச் சில முறைதான். அப்போதும் கையை முழங்காலில் ஊன்றிக்கொள்கிறார். மற்ற நேரமெல்லாம் தசை நீண்டு தொங்குகிறது, மூட்டுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. லைனில் நிற்கிற இளைஞருக்கும் கிட்டத்தட்ட அதே நிலை. ஒரு ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்று, இடுப்பைச் சற்றே திருப்பி ஒரு பாகத்தை எடுத்து மாட்டித் திருகுகிறார். ஒவ்வொரு அசைவும் சின்னது, எண்ணிக்கைதான் பயங்கரம். தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறவருக்குச் சுமை போதுமானது, ஆனால் எப்போதும் ஒரே தோளில், ஒரே திருப்பத்தில், லாரி கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில்.

தசை வளர்வதற்கு மூன்று தேவை: அதன் எல்லையை நெருங்கும் அளவு சுமை, அந்தச் சுமை மெல்ல மெல்லக் கூடுவது, நடுவில் ஆறுவதற்கு ஒன்றிரண்டு நாள் இடைவெளி. கூலி வேலையில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது அபூர்வம். சுமை குறைவு அல்லது கோணல், நேரம் மட்டும் மிக நீளம், ஓய்வு முதலாளியின் கையில். கோபன்ஹேகனில் தொழிலாளர் நலனை ஆராயும் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இதை ஒரு முரண்பாடாகவே முன்வைத்தார்: ஓய்வு நேரத்தில் செய்யும் உடலியக்கம் ஆரோக்கியத்தைக் கூட்டுகிறது, பிழைப்புக்காகச் செய்யும் உடலியக்கம் பெரும்பாலும் கூட்டுவதில்லை, சில நேரம் குறைக்கவும் செய்கிறது. தசைக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் ஒன்றும் தனியாக உண்டு. டென்மார்க்கில் பியரிங்-சோரன்சன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புக்கு மேல் உடலை அந்தரத்தில் நீட்டி எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடிகிறது என்று முப்பது முதல் அறுபது வயதுவரை உள்ள தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை அளந்தார்கள். அதிக நேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதல்முறை முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. களைத்துப்போவதால் இந்தத் திறன் வந்துவிடாது. களைத்தும் ஆறாத உடம்பில் இருப்பதும் போகும்.

தசைதான் எல்லாம் என்று அடித்துச் சொல்ல ஆய்வுகள் இடம் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் முழங்கால் வலியுள்ள 377 பேரிடம் பதினெட்டு மாதம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், கடுமையான எடைப் பயிற்சி செய்தவர்களுக்கும், லேசான எடையில் செய்தவர்களுக்கும், உடற்பயிற்சியே இல்லாமல் நலவாழ்வு வகுப்புக்கு மட்டும் வந்தவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகுவலிக்காரர்களிடமும், தசை எவ்வளவு வலுவடைந்தது என்பதும் வலி எவ்வளவு குறைந்தது என்பதும் ஒரே அளவில் நகர்வதில்லை. மறுபக்கம், நாள்பட்ட முதுகுவலிக்கான 249 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பீடு 2021இல் வந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு, சிகிச்சை எதுவும் இல்லாதவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும்விட, நூற்றுக்குச் சுமார் 15 புள்ளி அளவில் வலி குறைந்தது என்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இதுதான்: பயிற்சி உதவுகிறது, ஆனால் அது தசையின் பருமனால் மட்டும் உதவுவதில்லை. அசைந்தால் உடைந்துவிடும் என்ற பயம் போகிறது, தூக்கம் சீராகிறது, நரம்பு மண்டலத்தின் பதற்றம் தணிகிறது. ஜிம் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இது மாயமில்லை. ஆனால், வருடக்கணக்கில் வலி மாத்திரையை விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லான்செட் இதழ் 2018இல் வெளியிட்ட முதுகுவலிக் கட்டுரைகளும் விளக்கம், இயக்கம், பயிற்சி ஆகியவற்றையே முதல் வரிசையில் வைத்தன. தேவையில்லாத ஸ்கேனைத் தவிர்க்கச் சொன்னன.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இந்த மண்ணின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு மேல் ஏறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பல்லில் கறை படிவதோடு நிற்காது. அளவு கூடக்கூட எலும்பு கெட்டியாகி, தசைநாண்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகும் மூட்டும் இறுகிப்போகலாம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு வளர்ந்த தலைமுறைக்கு எலும்பில் படிந்தது அவ்வளவு எளிதில் கரையாது. ஆகவே இந்த ஊரில் மூட்டு வலி என்று வருகிறவரிடம் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்காத மருத்துவம் அரைகுறை மருத்துவம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம்தான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. ‘வலுவில்லாததால்தான் உனக்கு வலி’ என்று சொல்ல ஆரம்பித்தால் பழி தொழிலாளியின் தலையில் விழும். லைனின் வேகம், மேசையின் உயரம், சுமையின் எடை எதையும் நிர்வாகம் மாற்ற வேண்டியதில்லை என்றாகிவிடும். இந்த அச்சம் வெறும் கற்பனையில்லை. காயம் உண்டாக்கக்கூடிய அளவு சுமையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்றது 44ஆம் பிரிவு. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களாக ஈய நஞ்சும் சிலிகோசிசும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருந்தன. முதுகுவலியும் மூட்டுவலியும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் தசை, மூட்டுக் கோளாறுகளும் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத நோய் எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாத நோய்க்கு யாரும் மேசை உயரத்தை மாற்றுவதில்லை. ஆகவே தசைப் பயிற்சியைப் பேசுகிறவர்கள் இருக்கையையும் சுமை எல்லையையும் வேலை சுழற்சியையும் சேர்த்தே பேச வேண்டும். சுமையைக் குறைப்பதும் தாங்கும் திறனைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று மாற்றில்லை.

அப்படியானால் பயிற்சியை எப்போது செய்வது? இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தோட்ட வேலை முடித்து வரும் பெண்ணுக்கு அடுப்படி காத்திருக்கிறது. ‘வீட்டில் போய் செய்யுங்கள்’ என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாள் அலமாரிக்குத்தான் போகும். டென்மார்க்கில் மூன்று மருத்துவமனைகளில் வேலை செய்யும் 200 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு வேலை நேரத்தில் பணியிடத்திலேயே வாரம் ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம், மறு குழு அதே அளவு வீட்டில் என்று பத்து வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். பணியிடத்தில் செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, முதுகுத் தசை அதிகம் வலுத்தது, வலி மாத்திரையும் குறைந்தது. கூட்டாகச் செய்ததும், ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததும், அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வந்ததும் சேர்ந்துதான் இந்த வித்தியாசம் வந்திருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையை வைத்து ஓசூர் லைனை அளக்கலாமா என்று கேட்கலாம். முழுதாக அளக்க முடியாதுதான். ஆனால் அங்கே தேவைப்பட்டது ரப்பர் பட்டை, சிறு எடைகள் போன்ற எளிய கருவிகளும் பத்து நிமிடமும். கருவி இங்கே கிடைக்காத பொருளல்ல.

செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருவது. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஒரு பையில் மணலோ அரிசியோ போட்டு இடுப்பை மடக்கித் தரையிலிருந்து நிமிர்த்துவது. பத்து முறை செய்ததும் இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்று தோன்றினால் சுமை சரி. இருபது முறை சிரித்துக்கொண்டே செய்ய முடிந்தால் போதவில்லை, கூட்ட வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். சாப்பாட்டில் களிக்கும் சோற்றுக்கும் பக்கத்தில் புரதம் இல்லாவிட்டால் தசை எதைக் கொண்டு வளரும்? கொள்ளு இந்த மண்ணில் விளைவதுதான், எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு டப்பா மாவுக்குக் காசு கொடுப்பது எனக்கு விளங்காத பழக்கம். வயதாகிவிட்டது என்பதும் காரணமாகாது. 1990இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி தொண்ணூறு வயதுக்காரர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

உலகில் 2020இல் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர். 2050இல் இது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு. இவ்வளவு பேரையும் ஊசியாலும் பெல்ட்டாலும் பார்த்துக்கொள்ள எந்த அரசாலும் முடியாது. தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் தருவது தொடக்கம் முதலே அதன் ஓர் அங்கம். 2024இல் ஐ.நா. விருதும் வந்தது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீட்டு வாசலுக்கு வரும் அந்த ஊழியர், முப்பது வினாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் எண்ணி எழுதிக்கொள்ளலாம். அதற்குத் தேவை ஒரு நாற்காலியும் கைபேசிக் கடிகாரமும். எண்ணிக்கை குறைந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இருமுறை கூட்டிவைத்துப் பயிற்சி தரலாம். கரன்ட் வைக்கும் எந்திரத்தைவிட அது மலிவு. ஆலைகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது ஒன்றே: ஷிப்டுக்குள் பத்து நிமிடம், சம்பளத்தோடு. அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது கேன்டீனுக்கும் பஸ்சுக்கும் பக்கத்தில் இதையும் ஒரு வரியாகச் சங்கங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், நிர்வாகங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.